ஒன்பதாவது வாளி

ஓல்ஷாவ்கா, 12 ஜனவரி 1987

என் மகள் ஸ்டெஃபாவுக்கு,

ஆண்டவருக்குப் புகழ் என்று தொடங்கச் சொல்கிறாள் உன் அம்மா. தொடங்கிவிட்டேன். இங்கே அவள் நலம், பதினோரு கோழிகளும் நலம். என் இடது முட்டி மட்டும் வானொலியை முந்திக்கொண்டு வானிலை சொல்கிறது. முற்றத்துப் பம்பு உறைந்துவிட்டது. தினமும் வெந்நீர் ஊற்றி அதை எழுப்புகிறேன். என்னை எழுப்பத்தான் யாரும் வெந்நீர் வைப்பதில்லை. அங்கே கடல் காற்றில் நீ எப்படி இருக்கிறாய்? நாள் முழுக்க "இணைக்கிறேன், இணைக்கிறேன்" என்று சொல்லும் தொண்டைக்குத் தேன் நல்லது. ஒரு புட்டி இந்தப் பொட்டலத்திலேயே வைத்திருக்கிறேன். உடையாமல் வந்தால் தேன். உடைந்தால் கடிதத்தை நக்கிக்கொள்.

தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்க்கும் மகளுக்கு அப்பன் கடிதம் எழுதுகிறானே என்று தபால்காரர் சிரிக்கிறார். ஊருக்கு இருக்கிற ஒரே ஃபோன் சர்க்கரை ஆலை அலுவலகத்தில் இருக்கிறது. அதில் நீ தும்மினால் ஆலை முழுக்க "வாழ்க" என்று சொல்லும். முப்பத்தொரு வருடம் அங்கே பீட்ரூட் வண்டிகளை எடைபோட்டவன் நான். யாருக்குக் காது எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும்.

கேட்க வந்தது வேறு. இந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் பத்தொன்பது. குளிர் விட்டிருக்கும். நீ கிறிஸ்துமஸுக்கு வருகிறாய், அம்மாவின் பிறந்தநாளுக்கு வருகிறாய். ஈஸ்டருக்கு மட்டும் எட்டு வருடமாக உனக்கு விடுப்புக் கிடைப்பதில்லை. அந்த இரண்டு நாளும் நாட்டு மக்கள் அத்தனை பேரும் ஃபோனிலேயே குடியிருக்கிறார்களா? கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உன் பதில் வரும்வரை தபால்காரரிடம் மரியாதையாக நடந்துகொள்ளப்போகும்
அப்பா இக்னாட்ஸி


க்டீனியா, 24 ஜனவரி 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

தேன் உடையவில்லை. தொண்டையும் தேறிவிட்டது. உங்கள் முட்டிக்குக் கம்பளிப் பட்டை ஒன்று அனுப்புகிறேன். கூடவே அம்மாவுக்குக் காப்பித்தூள், கால் கிலோ. வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று வாங்கியது. விருந்தாளிகளுக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஈஸ்டருக்கு எனக்கு வேலை இருக்கிறது. பிள்ளை குட்டி இருப்பவர்களுக்குத்தான் விடுப்பு. எனக்கு இரண்டும் இல்லை.

என் பெயர்நாளை, என் பெயர்கொண்ட புனிதையின் திருநாளை, இங்கே நன்றாகவே கொண்டாடினோம். தோழிகள் கேக் செய்தார்கள். ஒருவர் பூச்செடி கொடுத்தார். யார் என்று அம்மா கேட்பாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் பனியில் வழுக்காமல் நடங்கள்.

ஸ்டெஃபா


ஓல்ஷாவ்கா, 3 பிப்ரவரி 1987

கிரேனுக்குக் கீழே பூச்செடியோடு நிற்கும் என் மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அவ்வளவுதான்" என்ற சொல்லில் என்னை நிறுத்தினாள். "இன்னொரு தடவ படிங்க. ‘அவ்வளவுதான்’னு சொன்னா இன்னும் நெறய இருக்குன்னு அர்த்தம்" என்றாள். நாங்கள் இருவரும் சௌக்கியம். பட்டை கட்டியதிலிருந்து முட்டி பேசுவதில்லை.

நேற்று ஷிமோன் வந்திருந்தான். பிரம்மச்சாரிகள் சங்கத்துக்கு இப்போது அவன்தான் தலைவர். இருபத்தாறு வயது, மீசை மட்டும் நாற்பது. சங்கத்துக்கு இந்த வருடம் நூற்றைம்பது ஆகிறதாம். ஈஸ்டர் ஞாயிறு மாலை பெண்களைப் பற்றிப் பாட்டுக் கூவும் மேடையை இன்னும் உயரமாகப் போடுகிறார்களாம். எதற்கோ என்னைத் தேடி வந்தான். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடமான கிழவனிடம் பிரம்மச்சாரிகளுக்கு என்ன வேலை?

அந்தக் கிரேன்காரருக்கு ஈஸ்டருக்கு எங்கே சாப்பாடு? எங்கள் இறைச்சி ரேஷன் சீட்டில் இரண்டு பேருக்கு வெள்ளைத் தொத்திறைச்சி மிச்சம் பிடிக்கலாம். சும்மா ஒரு கணக்குக்குச் சொன்னேன். நானும் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அப்பா


க்டீனியா, 15 பிப்ரவரி 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் நலம் என்றறிந்து நிம்மதி. இந்தக் கடிதத்தை நீங்கள் மட்டும் படியுங்கள்.

அவர் பெயர் கோன்ராட். முப்பத்தெட்டு வயது. குடிப்பதில்லை, கத்துவதில்லை. கிரேன் மேலிருந்து பார்த்தால் சுவீடன் தெரிவதாகப் பொய் சொல்வார். பெயர்நாளன்று பூச்செடியோடு ஒரு காகிதமும் கொடுத்தார். என்னைப் பற்றி அவரே எழுதிய நாலு வரிப் பாட்டு. நான் அதைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுவாரம் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். ஈஸ்டரன்று பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.

என் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டுகிற ஆணை என்னால் நம்ப முடியாது, அப்பா. ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் முழுவதும் தெரியாது.

ஒன்பது வருடம் முன்பு அந்த ஈஸ்டர் மேடையில் யூலியான்தான் கூவினான். ஒவ்வொரு வீடாக, கல்யாணமாகாத ஒவ்வொரு பெண்ணாக. மறுநாள் ஊற்ற இவளுக்கு ஐந்து வாளித் தண்ணீர், அவளுக்குப் பத்து வாளி என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டு வந்தான். என் முறைக்காக நான் பள்ளியின் முதல் நாளில் நிற்கும் பிள்ளை போல நின்றேன். எனக்கு நல்ல பாட்டுத்தான் வரும், ஏனென்றால் கூவுகிறவனே அவன். வந்தது தலையணைப் பாட்டு. என் கல்யாணச் சீர்ப் பெட்டியில் பன்னிரண்டு தலையணை உறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அவன் பெயரின் முதல் எழுத்தைப் பூத்தையலில் ஒளித்துத் தைத்திருந்தேன். அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவனிடம் மட்டும்தான் ஒன்றைக் காட்டியிருந்தேன். பன்னிரண்டு என்றும் அவனிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். அதை அவன் பாட்டாக எழுதி, ஊரின் நடுவில் நின்று கூவினான். கடைசி வரி உங்களுக்கும் நினைவிருக்கும், "ஒருவனுமே கேட்கலியே, உறங்கு நீ ஸ்டெஃபா".

மறுநாள் வாளிகளோடு அவன் வருவதற்கு முன்பே முதல் ரயிலேறினேன். பையன்கள் பெண்களை நனைக்கும் ஈரத் திங்களன்று ஊரைவிட்டு நனையாமல் போன ஒரே பெண் நான்தான்.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. ஈஸ்டருக்கு வரமாட்டேன் என்பதற்கு வேலை காரணமில்லை என்று உங்களுக்காவது தெரியட்டும் என்றுதான்.

மாத்திரைகளைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள், முன்னால் அல்ல.

ஸ்டெஃபா


ஓல்ஷாவ்கா, 27 பிப்ரவரி 1987

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகுதான். நேற்று தவக்காலத்துக்கு முன் வயிறு நிறையத் தின்னும் கொழுப்பு வியாழன் அல்லவா, உன் அம்மா நாற்பது ஜாம் போண்டா சுட்டாள். நான் ஏழு தின்றேன். ஆறு என்று சொல்லியிருக்கிறேன், காட்டிக்கொடுக்காதே. ரோஜா ஜாம் கிடைக்கவில்லை, பிளம் ஜாம்தான். எண்ணெய் சூடு போதாவிட்டால் போண்டா எண்ணெய் குடிக்கும், சூடு மிஞ்சினால் உள்ளே மாவாகவே இருக்கும். இது முப்பத்தைந்து வருட ஆராய்ச்சியின் முடிவு. சர்க்கரைத் தூளை மேலே தூவும்போது கதவைத் திறந்தேன், பாதி என் மேல்சட்டையில். தபால்காரர் என்னைப் பார்த்து, "பனி உள்ளயும் பெய்யுதா?" என்றார். அவருக்கு இரண்டு கொடுத்தோம்.

பம்பு இப்போது உறைவதில்லை. ஒரு கோழி குறைந்துவிட்டது. நரி.

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன். பிறகு எழுதுகிறேன்.

அப்பா

ஸ்டெஃபா கண்ணு, அம்மா எழுதுகிறேன். ஏழாம், ஆறாம், இவர் சாப்பிட்டது ஒன்று. அதிலும் ஜாம் பக்கத்தைப் பூனைக்குப் போட்டார். உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டவில்லை. கேட்டால் "கண்ணாடி உடைஞ்சிருச்சு" என்கிறார். கண்ணாடி மூக்கின் மேல் இருக்கிறது. என்னம்மா எழுதினாய்?


க்டீனியா, 9 மார்ச் 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஒன்பது வருடமாகச் சொல்லாததை ஒரு தரம் சொன்னேன். நீங்கள் எனக்குப் போண்டா சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். நன்றி, சுட்டுப் பார்க்கிறேன்.

கோன்ராட் அவசரப்படுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

ஸ்டெஃபா


ஓல்ஷாவ்கா, 16 மார்ச் 1987

மகளே ஸ்டெஃபா,

நலம் விசாரிப்பை இந்த ஒரு தடவை கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் வைத்தால் அதிலேயே நின்றுவிடுவேன்.

அந்தப் பாட்டை யூலியான் எழுதவில்லை. நான் எழுதினேன்.

இந்த வரியை எழுதி முடிக்க எனக்கு ஐந்து காகிதம் ஆனது. மற்ற நாலில் போண்டா செய்முறை இருக்கிறது.

சங்கத்துப் பாட்டை யார் எழுதுவது என்று வெளியே சொல்லக்கூடாது என்பது உனக்குத் தெரியும். என் பிரம்மச்சாரி நாட்களில் எழுதிக்கொண்டிருந்தவன் நான். கல்யாணமானதும் விட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு தவக்காலத்திலும் பையன்கள் ஒரு புட்டியோடும் பெண்கள் பட்டியலோடும் எடைமேடைக் குடிசைக்கு வருவார்கள். "ஐயா, உங்கள விட்டா ஆளில்லய்யா" என்பார்கள். ஏழாம் வகுப்போடு நின்றவனிடம் அப்படிச் சொல்லிப் பார், அவன் உயிரையே எழுதிக் கொடுப்பான். எடைச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பேன். நாலு பேர் சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு வேண்டாம்.

அந்த வருடம் வீடு எண் பதினெட்டு வந்தது. நம் வீடு. உனக்கு இனிப்பாக எழுதினால் எழுதியவன் யார் என்று ஊர் கண்டுபிடித்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்கு ஒரு மாதம் முன்பு என் கம்பளிக் காலுறை உன் பெட்டிக்குள் கலந்துவிட்டதோ என்று தேடியபோது உறைகளைப் பார்த்திருந்தேன். எண்ணியும் வைத்திருந்தேன். எண்ணுவது என் தொழில் புத்தி. அந்த எழுத்து யாருடையது என்று புரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. யூலியான் நல்ல பையன், ஆனால் மாடு மாதிரி மெதுவாக யோசிப்பவன். ஊர் முன்னால் ஒரு குத்து விட்டால் மறுநாளே வந்து பெண் கேட்பான் என்று நினைத்தேன். இப்படி எழுதினேன்:

தலையணை பன்னிரண்டு தைத்துவைத்தாள் ஸ்டெஃபா,
தலைசாய்க்க ஆளின்றித் தவிக்கிறாள் ஸ்டெஃபா!
உறைதோறும் ஓரெழுத்தை ஒளித்துவைத்தாள் ஸ்டெஃபா,
ஒருவனுமே கேட்கலியே, உறங்கு நீ ஸ்டெஃபா!

மேடையில் ஏறிய காகிதத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்பது விதி. யூலியான் அதை அங்கேதான் முதன்முதலாகப் பிரித்தான். மூன்றாம் வரியில் அவன் குரல் உடைந்தது. ஊர் சிரித்தது. முதலில் சிரித்தது நான்தான், மகளே. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று எனக்குத்தானே தெரியும். சிரித்துக்கொண்டே உன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

மறுநாள் நீ போய்விட்டாய். அன்றிலிருந்து ஒரு வரி எழுதவில்லை. ஷிமோன் வந்ததும் அதற்குத்தான், மறுத்துவிட்டேன். உன்னிடம் ஏன் சொல்லவில்லை? முதல் வருடம் பயம். இரண்டாம் வருடம் வெட்கம். பிறகு யூலியான் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். இனிச் சொல்லி என்ன என்று சௌகரியமாக இருந்துவிட்டேன். நீ கோன்ராடை வேண்டாம் என்று சொல்லப்போகிறாய் என்று தெரிந்த பிறகும் ஒரு கடிதம் முழுக்கப் போண்டாவில் ஒளிந்தேன் பார், அது எல்லாவற்றையும்விட மோசம்.

உன் அம்மாவிடமும் நேற்று சொன்னேன். கேட்டுக்கொண்டே பாத்திரங்களைக் கழுவினாள். கழுவியவற்றையே மறுபடி கழுவினாள்.

இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் உரிமை எனக்கு இப்போது இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன்.

அப்பா


ஓல்ஷாவ்கா, 1 ஏப்ரல் 1987

மகளே,

பதினாறு நாள் ஆகிறது. தபால்காரர் நம் வேலியைத் தாண்டும்போது சைக்கிள் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். நல்ல மனுஷர்.

அம்மா நலம். என்னோடு பேசுகிறாள், ஆனால் கோழிகளோடு பேசுவது போல.

இன்று முட்டாள்கள் தினம். இந்த நாளில் நான் எழுதுவது பொருத்தம்தான். வேறொன்றும் கேட்கவில்லை. கடிதம் கிடைத்தது என்று ஒரு வரி போடு.

அப்பா


க்டீனியா, 10 ஏப்ரல் 1987

அப்பாவுக்கு,

கிடைத்தது.

யூலியானுக்கு எழுதினேன். எழுதியது யார் என்று அவனுக்கு அன்றே தெரியுமா என்று மட்டும் கேட்டேன். பதில் நேற்று வந்தது. அதில் இருப்பதை நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன். டிராக்டர் பணிமனை நம் வீட்டிலிருந்து எண்ணூறு அடி. போய்க் கேளுங்கள்.

அம்மாவுக்கு என் முத்தம்.

ஸ்டெஃபா


ஓல்ஷாவ்கா, 14 ஏப்ரல் 1987

ஸ்டெஃபா,

போனேன். எண்ணூறு அடிதான், ஒன்பது வருடமாக அந்தப் பக்கமாக நான் நடந்ததே இல்லை என்று பாதி வழியில்தான் உறைத்தது. ரொட்டி வாங்கக்கூடத் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

யூலியான் டிராக்டருக்கு அடியில் படுத்திருந்தான். என் செருப்பைப் பார்த்ததும், "வாங்க இக்னாட்ஸி ஐயா. நீங்க வருவீங்கன்னு தெரியும், இன்னைக்குன்னு தெரியாது" என்றான்.

"அத எழுதினது நான்தான்னு உனக்குத் தெரியுமா தம்பி?"

"கையெழுத்து தெரியாதா? எங்கப்பா வண்டி ஓட்டிட்டு வந்த ஒவ்வொரு எடைச்சீட்டுலயும் உங்க எட்டு பனிமனுஷன் மாதிரி நிக்கும். பதினெட்டுன்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் ஏன்டா அவகிட்ட சொல்லல?"

"சங்கத்துல சத்தியம் பண்ணிருக்கேன்ல. அதுவுமில்லாம..." என்று நிறுத்தி, கையைத் துடைத்தான். துடைக்கத் துடைக்க இன்னும் கறுப்பாகிக்கொண்டிருந்தது. "அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம உங்க வீட்டு வாசல் வரைக்கும் வந்தேன்யா. புதுச் சட்ட போட்டுட்டு. பொண்ணு கேக்கத்தான். வேலிகிட்ட நின்னுட்டு, தைரியம் வராம திரும்பிட்டேன். ‘ஒருவனுமே கேட்கலியே’ன்னு படிச்சதும், நீங்க சன்னல்லருந்து அதப் பாத்துட்டீங்க, வாசல்லருந்து ஓடுற பயலுக்கு எம்பொண்ணு இல்லன்னு சொல்றீங்கன்னு நெனச்சேன்."

நான் சன்னலில் இல்லவே இல்லை, ஸ்டெஃபா. அந்த ஞாயிறு நான் எடைமேடைக் குடிசையில் உட்கார்ந்து, உன் பாட்டுக்கு மூன்றாம் வரி தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் அப்படி நெனச்சு எழுதலடா" என்றேன்.

"இப்போ தெரியுது" என்றான். "என் பொண்டாட்டி நல்லவ. பசங்க ரெண்டும் நல்லா இருக்காங்க. அதனால உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். சொல்லாததும் நெறய இருக்கு." பிறகு மறுபடி டிராக்டருக்கு அடியில் போய்விட்டான்.

ஈஸ்டருக்கு வா என்று இந்த முறை கேட்கமாட்டேன்.

அப்பா


க்டீனியா, 22 ஏப்ரல் 1987

அப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உங்களுக்குச் சளி பிடித்திருந்தால் அம்மா சொன்னபடி வெங்காயச் சாறும் தேனும் குடியுங்கள். திங்களன்று உங்கள் தலையில் எட்டு வாளி ஊற்றியது கோபத்தில்தான், விளையாட்டுக்கு இல்லை. ஆனால் ஐந்தாவது வாளியில் நீங்கள் வாயைத் திறந்து மீன் மாதிரி மூச்சு வாங்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது வந்திருக்கக் கூடாது.

நீங்கள் உடை மாற்ற உள்ளே போன பிறகு யூலியான் குடும்பத்தோடு வேலிப்பக்கம் வந்தான். ஒரு நிமிஷம் நின்றான். அவன் மனைவி, "போங்க, ஒம்பது வருஷம் ஆச்சு" என்று அவனைத் தள்ளினாள். ஊற்றாமல் வைத்த ஒன்பதாவது வாளியில் கைவிட்டு, ஒரு கைத் தண்ணீரை என் தலையில் தெளித்தான். ரயிலில் முடி காயும்வரை சன்னலோரமாக உட்கார்ந்திருந்தேன். அவன் தெளித்தபோது சமையலறைத் திரை அசைந்தது, அப்பா. நீங்கள் பார்த்தீர்கள்.

கோன்ராடுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. கேட்க வாய் வரவில்லை. அதைத் திருப்பிக் கொடுத்தது உங்களால். திரும்பக் கேட்பதும் உங்கள் பாடு. முகவரியை மறுபக்கம் எழுதியிருக்கிறேன்.

ஸ்டெஃபா


ஓல்ஷாவ்கா, 26 ஏப்ரல் 1987

முகம் தெரியாத கோன்ராட் தம்பிக்கு,

ஸ்டெஃபாவின் அப்பா எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உயரத்தில் வேலை பார்ப்பவருக்குத் தலைசுற்றல் இல்லாமல் இருக்க என் மனைவி வேண்டிக்கொள்கிறாள். எனக்குச் சளி, அதன் காரணம் கீழே வருகிறது.

என் மகள் உங்கள் பாட்டைப் பிரிக்காமல் திருப்பிக் கொடுத்தது உங்கள் குற்றமில்லை. ஒன்பது வருடம் முன்பு எங்கள் ஊர் மேடையிலிருந்து அவளைப் பற்றி ஒரு கேலிப் பாட்டுக் கூவப்பட்டது. எழுதியவன் நான். அவள் அது வேறொருவர் எழுதியதென்று நினைத்துக்கொண்டாள், நான் அப்படியே நினைக்கவிட்டேன். அந்தப் பாட்டில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள். ஒரு தரம் ஊருக்குச் சொன்னது போதும். அதனால்தான் காகிதத்தில் பாட்டு என்றாலே அவளுக்குக் கை சுருங்குகிறது.

இந்த ஈஸ்டருக்குச் சங்கத் தலைவர் ஷிமோனிடம் போய், மேடையில் எனக்கு ஒரு பாட்டுக் கூவ இடம் கேட்டேன். "ஐயா, நீங்க கல்யாணமானவரு. மேடையில ஏற விதியில எடமில்ல" என்றான். "அப்போ பொண்ணுங்க பட்டியல்ல என்னயும் சேத்துக்கோ, நீயே கூவு" என்றேன். மீசையைத் தடவிக்கொண்டு விதிப்புத்தகம் முழுக்கத் தேடினான். கிழவனைப் பெண்கள் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று நூற்றைம்பது வருடத்தில் யாரும் எழுதிவைக்கவில்லை. ஞாயிறு மாலை, "வீடு எண் பதினெட்டு!" என்று கூவினான்:

பீட்ரூட்டெல்லாம் எடைபோட்ட பெரியமனுஷன் இக்னாட்ஸி,
பேசும் சொல்லை எடைபோட மறந்துபோன இக்னாட்ஸி!
பெண்பிள்ளை பெட்டியைப் பிரித்துப்பார்த்த இக்னாட்ஸி,
பேர்போடாப் பாட்டுக்கு இதோ பேர்: இக்னாட்ஸி!

"இவருக்கு ஒம்பது வாளித் தண்ணி! நாக்கத் தேய்க்க ஒரு கட்டிச் சோப்பு!" முதல் இரண்டு வரிக்கு ஊர் சிரித்தது. நாலாவதில் நின்றுவிட்டது. சிரிக்க வேண்டிய இடம் எது என்று அன்றைக்கு எனக்கே தெரியவில்லை.

ஈரத் திங்களன்று காலை கல்யாணத்துக்குப் போட்ட கோட்டை மாட்டிக்கொண்டு பம்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வயிற்றுப் பொத்தான் மட்டும் முப்பத்தைந்து வருடத்துக்கு ஒத்துழைக்கவில்லை. தெருவெல்லாம் பெண்கள் அலறுகிறார்கள், வாளிகள் பறக்கின்றன. என் பக்கம் ஒருவனும் வரவில்லை. ஷிமோன் வேலிக்கு வெளியே நின்று, "மன்னிச்சுக்குங்கய்யா, உங்க வயசுல ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று போய்விட்டான். பத்தரை மணிவரை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன், தம்பி. ஊரே நனையும் நாளில் தான் மட்டும் காய்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

பத்தரை ரயில் வந்தது. ஸ்டெஃபா கைப்பையோடு முற்றத்துக்குள் வந்தாள். நான் எழுந்தேன். "எந்திரிக்காதீங்கப்பா" என்றாள். பையைக் கீழே வைத்து, பம்பை அடித்தாள்.

"எழுபத்தொம்பது" என்று சொல்லி முதல் வாளியை ஊற்றினாள். "எண்பது." அவள் வராத ஒவ்வொரு ஈஸ்டருக்கும் ஒரு வாளி. என் மனைவி வாசலிலிருந்து, "நிமோனியா வந்துடும்டி அவருக்கு!" என்று கத்தினாள். நாலாவது வாளிக்குப் பிறகு அவளே பம்படிக்கு வந்து அடித்துக் கொடுத்தாள். அவளுக்கும் என்னிடம் பாக்கி இருந்தது.

"எண்பத்தாறு" வரை எட்டு ஆனது. ஒன்பதாவதை ஸ்டெஃபா நிரப்பினாள், தூக்கினாள், பிறகு கீழே வைத்துவிட்டாள். "எண்பத்தேழு இன்னும் முடியல" என்றாள். "இது கோன்ராடுக்கு. அவர் வந்தா."

நான் உடை மாற்ற எழுந்தபோது என் ஈரக் கோட்டின் காலரை மட்டும் நிமிர்த்திவிட்டாள்.

அதனால் உங்களிடம் ஒரு விண்ணப்பம். அந்தக் காகிதத்தைக் கிழித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இன்னொரு தடவை கொடுத்துப் பாருங்கள். இந்தமுறை பிரிப்பாள். வார்த்தை எதையும் திருத்த வேண்டாம். என்னிடம் யோசனை கேட்கவே வேண்டாம். பதில் அவளுடையது. அதில் நான் தலையிடமாட்டேன்.

அவள் சரி என்றால், மே மாதத்தில் இருவரும் வாருங்கள். ஈஸ்டர் முடிந்த பிறகு ஆளை நனைக்கச் சங்க விதியில் இடமில்லைதான். கிழவனைப் பெண்கள் பட்டியலில் சேர்த்த சங்கம், இதற்கும் ஒரு வழி பார்க்கும். உங்கள் வாளி பம்படியில்தான் நிற்கிறது. பலகை போட்டு மூடிவைத்திருக்கிறேன்.

வந்து பார்க்கும்போது அதில் ஒரு கைத் தண்ணீர் குறையும். கோழி குடித்திருக்கும்.

மரியாதையுடன்,
இக்னாட்ஸி